யாருக்கும் வேலை இல்லாத உலகம்: ஓர் எளிய அறிமுகம்

"நாளையிலிருந்து வேலைக்குப் போகவேண்டாம், மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும்" என்று ஒருவரிடம் சொன்னால் முகம் மலரும். "நாளையிலிருந்து உங்களுக்கு வேலை இல்லை" என்று சொன்னால் அதே முகம் வெளிறும். இரண்டிலும் மறுநாள் காலை நடக்கப்போவது ஒன்றுதான்: அவர் எங்கும் போகாமல் வீட்டில் இருப்பார். வித்தியாசம் பணத்தில் இருக்கிறது. கொஞ்சம் மானத்திலும் இருக்கிறது.

இதுவரை உலகம் கண்ட வேலையின்மை பெரும்பாலும் வறுமையோடும் அவமானத்தோடும் சேர்ந்தே வந்திருக்கிறது. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, யாருக்கும் வேலை இல்லாத, அதேசமயம் யாரும் பட்டினி கிடக்காத ஒரு காலத்தைக் கணிக்கப் போனால் கணக்கு தப்பும். எந்தத் துன்பம் பணம் போனதால் வந்தது, எது வேலை போனதால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். அப்படிப் பிரிக்க உதவும் ஆய்வுகள் கொஞ்சம் இருக்கின்றன.

அதற்கு முன் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் 'வேலை' என்ற ஒரே சொல்லை மூன்று பொருளில் புழங்குகிறோம். "அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது" என்றால் சம்பளம். "வீட்டில் வேலை கிடக்கிறது" என்றால் செய்து முடிக்கவேண்டிய காரியம். அதற்குச் சம்பளம் கிடையாது. "மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்?" என்றால் அந்த ஆள் யார் என்ற விசாரணை. இயந்திரம் வந்தால் இந்த மூன்றும் ஒன்றாகப் போய்விடாது. சம்பளம் முதலில் போகலாம். அடையாளம் மெதுவாகக் கரையும். காரியங்களில் பாதி போகவே போகாது.

வேலை தீரும் என்று யார் சொன்னது?

தறியின் நாடா தானே ஓடி நெய்யுமானால் எஜமானனுக்கு அடிமை தேவைப்படாது என்று அரிஸ்டாட்டில் எழுதி 2,300 ஆண்டுகள் ஆகின்றன. நவீன காலத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணிப்பு பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கீன்ஸுடையது. இன்னும் 100 ஆண்டில் முன்னேறிய நாடுகளின் வாழ்க்கைத்தரம் 4 முதல் 8 மடங்கு உயரும், மனிதர்கள் வாரம் 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்று அவர் 1930இல் எழுதினார். முதல் பாதி பலித்துவிட்டது. இரண்டாம் பாதி முழுதாகப் பலிக்கவில்லை. ஆனாலும் பொய் என்று தள்ளிவிட முடியாது. 1870 வாக்கில் தொழில்மயமான நாடுகளில் ஒரு தொழிலாளி ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மணி நேரம் உழைத்தார். இன்று ஜெர்மனியில் சராசரி 1,350 மணி அளவில் இருக்கிறது. வேலை ஏற்கெனவே பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது, யாரும் விழா எடுக்கவில்லை என்பதுதான் குறை.

மீதிப் பாதி ஏன் சுருங்கவில்லை? கூடுதல் உற்பத்தியை நேரமாக எடுத்துக்கொள்வதா, பொருளாக எடுத்துக்கொள்வதா என்று வரும்போது மக்கள் பெரும்பாலும் பொருளின் பக்கம் சாய்ந்தார்கள். அமெரிக்காவின் பேட்டில் க்ரீக் நகரத்தில் கெல்லாக் தானிய உணவுத் தொழிற்சாலை 1930இல் 8 மணி நேர ஷிப்டுகள் மூன்றை 6 மணி நேர ஷிப்டுகள் நான்காக மாற்றியது. பலருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூடுதல் சம்பளம் வேண்டும் என்று ஒவ்வொரு பிரிவாக 8 மணிக்குத் திரும்பியது. கடைசிப் பிரிவு 1985இல் திரும்பியது. அதுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இனி, 'இத்தனை சதவீத வேலைகள் போய்விடும்' என்று செய்திகளில் வரும் எண்கள். அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கிமயமாகும் அபாயத்தில் இருப்பதாக 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் கணித்தார்கள். 2016இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்புக்காக நடந்த ஆய்வில் அது 9 சதவீதமாகச் சுருங்கியது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? முதல் ஆய்வு ஒரு தொழிலை முழுதாக ஒரு கட்டியாக எடுத்தது. இரண்டாவது, ஒரே தொழிலுக்குள் இருக்கும் பல காரியங்களைப் பிரித்து எண்ணியது. கணக்கரின் பத்துக் காரியங்களில் ஆறை இயந்திரம் செய்துவிட்டாலும் கணக்கர் போய்விடுவதில்லை, மீதி நான்கோடு இருக்கிறார். ஆறு பேருக்குப் பதில் மூன்று பேர் இருக்கலாம், அது வேறு கதை. எனவே இப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் முதலில் கேட்கவேண்டியது: தொழிலை எண்ணினார்களா, காரியத்தை எண்ணினார்களா?

ஏடிஎம் வந்தபோது வங்கிக் காசாளர் வேலை ஒழிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அமெரிக்காவில் 1988க்கும் 2004க்கும் இடையே நகரத்து வங்கிக் கிளை ஒன்றுக்குத் தேவையான காசாளர்கள் 20இலிருந்து 13ஆகக் குறைந்தார்கள். கிளை நடத்தும் செலவு இறங்கியதால் வங்கிகள் 43 சதவீதம் அதிகக் கிளைகள் திறந்தன; மொத்தக் காசாளர் எண்ணிக்கை சரியவில்லை. 1950ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் இருந்த ஏறத்தாழ 270 தொழில்களில், தானியங்கியால் அடியோடு அழிந்தது ஒன்றே ஒன்று என்று பொருளியலாளர் ஜேம்ஸ் பெஸன் காட்டினார். அது லிஃப்ட் இயக்குபவர் வேலை.

இதையெல்லாம் சொல்லி "ஒன்றும் ஆகாது" என்று முடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் குதிரைதான். 1915 வாக்கில் அமெரிக்காவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்த்து 2.6 கோடி இருந்தன. ரயில் வந்தபோது குதிரைக்கு வேலை கூடியது, நிலையத்திலிருந்து வீடுவரை சரக்கு இழுக்க ஆள் வேண்டுமே. டிராக்டரும் லாரியும் வந்த பிறகு குதிரை செய்யக்கூடிய எல்லாவற்றையும் அவை மலிவாகச் செய்தன. 1960இல் மீதி இருந்தவை 30 லட்சம். ஒரு காரியத்தைப் பறிக்கும் இயந்திரத்தால் வேலை இடம் மாறும். புதிதாக முளைக்கும் காரியத்தையும் சேர்த்துச் செய்யக்கூடிய இயந்திரம் வந்தால்தான் வேலை தீரும். செயற்கை நுண்ணறிவு இந்த இரண்டில் எந்த வகை என்பதே இப்போதைய சண்டை. அடுத்த சில பத்தாண்டுகளில் வேலை முற்றிலும் தீர்ந்துவிடும் என்று நம்பக் காரணம் போதாது. ஆனால் கீழே வரும் கேள்விகள் எழ, வேலை முழுதாகத் தீரவேண்டும் என்பதில்லை. கால்வாசி சுருங்கினாலே எழும்.

பங்கு பிரிக்கும் கணக்கு

சம்பளம் என்பது உழைப்புக்குக் கூலி மட்டும் அல்ல. உலகில் விளைவதில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் அதுவே. உழைப்பு தேவைப்படாவிட்டால் பொருள் குறையாது, பிரிக்கும் ஏற்பாடுதான் அறுந்துபோகும். அதற்கு மாற்றாக அதிகம் பேசப்படுவது அடிப்படை வருமானம்: நிபந்தனை இல்லாமல், எல்லோருக்கும், மாதாமாதம், ஒரே தொகை.

சிறிய எண்களில் போட்டுப் பார்க்கலாம். 100 பேர் கொண்ட ஒரு நாடு. மாத வருமானம் சராசரி 100 காசு, மொத்தம் 10,000. ஆளுக்கு 25 காசு அடிப்படை வருமானம் என்றால் மாதம் 2,500 வேண்டும். எல்லோர் வருமானத்திலும் 25 சதவீதம் வரி போட்டால் சரியாக வந்துவிடும். வருமானமே இல்லாதவர் கையில் 25 நிற்கும். 40 சம்பாதிப்பவர் 10 கட்டி 25 வாங்குவார், கையில் 55. 100 சம்பாதிப்பவருக்குக் கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. 300 சம்பாதிப்பவர் 75 கட்டி 25 வாங்குவார், கையில் 250. "இவ்வளவு கோடி செலவாகும், கட்டுப்படியாகாது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த 2,500ஐச் சொல்கிறார்கள். உண்மையில் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகும் தொகை அதைவிடச் சிறியது, ஏனென்றால் நடுவில் இருப்பவர்கள் தங்கள் காசையே தாங்கள் திரும்ப வாங்குகிறார்கள்.

சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது. உலக வருமானத்தில் உழைப்புக்குப் போகும் பங்கு இன்று பாதிக்குச் சற்று மேல். மீதி லாபம், வாடகை, வட்டி என்று உடைமைக்குப் போகிறது. நம் குட்டி நாட்டில் 5,200 சம்பளம், 4,800 உடைமை வருமானம் என்று வையுங்கள். இயந்திரங்கள் எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டு, விளைச்சல் அதே 10,000 என்றால், அந்த முழு 10,000மும் இயந்திரத்தின் சொந்தக்காரர்களுக்குப் போகும். சம்பளத்தின் மேல் போட்ட வரி பூஜ்யம் ஆகிவிடும். பல நாடுகளின் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் சம்பளத்தில் பிடித்தம் செய்த பணத்தில் நடக்கின்றன. முதலில் ஆட்டம் காண்பது அவை. அப்போது இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, உடைமை வருமானத்துக்கு வரி. இன்னொன்று, உடைமையிலேயே எல்லோருக்கும் பங்கு.

இரண்டாவது வழிக்கு எவ்வளவு முதல் (மூலதனம்) வேண்டும்? மாதம் 25 என்றால் ஆண்டுக்கு 300. முதல் கரையாமல் ஆண்டுக்கு 3 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்தால் (நார்வே தன் எண்ணெய் வருமானத்தைச் சேர்த்துவைக்கும் நிதிக்கு வைத்திருக்கும் விதி அதுதான்) ஒருவருக்கு 10,000 காசு முதல் தேவை. அது ஒருவரின் 100 மாதச் சராசரி வருமானம், அதாவது எட்டு வருடம் நான்கு மாதம். ஒரே ஆண்டில் சேர்க்க முடியாது. நாற்பது, ஐம்பது ஆண்டு சேர்த்தால் முடியும். வேலை தீர்ந்த பிறகு சேர்க்கத் தொடங்கினால் எதிலிருந்து சேர்ப்பது?

"எல்லோருக்கும் பணம் கொடுத்தால் விலை ஏறிவிடாதா?" என்பது நியாயமான கேள்வி. பணத்தை அச்சடித்துக் கொடுத்தால் ஏறும். வரியாக எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் மொத்தத்தில் ஏறவேண்டிய அவசியம் இல்லை, ஆனால் பொருளுக்குப் பொருள் மாறும். இயந்திரம் எத்தனை வேண்டுமானாலும் செய்து தள்ளக்கூடிய சட்டை, விளக்கு, மென்பொருள் விலை ஏறாது. நிலம் ஏறும். கடற்கரை பார்த்த வீட்டை எந்த ரோபோவாலும் கூடுதலாக உற்பத்தி செய்ய முடியாது. கொடுக்கும் தொகையில் பெரும்பகுதியை வாடகை தின்றுவிடுவதுதான் இந்தத் திட்டத்தின் மெலிந்த இடம். அதனால்தான் சிலர் பணமாகக் கொடுப்பதைவிட வீடு, போக்குவரத்து, மருத்துவம் ஆகியவற்றை நேரடியாக இலவசமாக்கலாம் என்கிறார்கள். என் பார்வையில் வீட்டைப் பொறுத்தவரை அவர்கள் வாதம் வலுவானது.

பணம் வந்தால் சோம்பேறி ஆகிவிடுவார்களா?

இதற்கு ஊகம் தேவையில்லை, பார்த்துவிட்டார்கள். ஸ்வீடனில் லாட்டரி வென்றவர்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தபோது, அவர்கள் சம்பாத்தியம் ஆண்டுக்குப் பரிசுத்தொகையின் சுமார் 1 சதவீத அளவுக்கே குறைந்தது. பெரும்பாலோர் வேலையை விடவில்லை. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 1982 முதல் அங்கே வசிப்பவர்களுக்கு எண்ணெய் நிதியிலிருந்து ஆண்டுப் பங்கு கிடைக்கிறது. அதனால் வேலையில் இருப்போர் விகிதம் குறையவில்லை, பகுதிநேர வேலை செய்வோர் மட்டும் 1.8 சதவீதப் புள்ளிகள் கூடினார்கள். ஃபின்லாந்து 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ நிபந்தனையின்றிக் கொடுத்தது. அவர்கள் வேலை தேடுவதை நிறுத்திவிடவில்லை, மனநிலை தெளிவாக மேம்பட்டது. அமெரிக்காவில் 1,000 பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் கொடுத்த ஆய்வின் முடிவு 2024இல் வந்தது: வாரத்துக்குச் சராசரியாக 1.3 மணி நேரம் குறைவாக உழைத்தார்கள்.

இந்த ஆய்வுகளுக்கு எல்லை உண்டு. இவை எல்லாவற்றிலும் சுற்றியிருந்தவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் தெரு காலியாகும்போது ஒருவர் மட்டும் வீட்டில் இருப்பதும், தெரு முழுக்க வீட்டில் இருப்பதும் ஒன்றல்ல. தொகையும் பெரும்பாலும் முழு வாழ்க்கைக்குப் போதாதது. எனவே "பணம் மனிதனைக் கெடுக்காது" என்பது வரை இவை சொல்லும். வேலையே இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று இவை சொல்லாது.

வேலை நின்றுபோன ஒரு கிராமம்

அப்படி ஓர் ஊரை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மாரியன்டால். ஒரே நூற்பாலையை நம்பி இருந்த கிராமம். ஆலை 1929–30இல் மூடப்பட்டது. 478 குடும்பங்களில் முக்கால் பங்கில் ஒருவருக்குக்கூட வேலை இல்லாமல் போனது. சமூக ஆய்வாளர்கள் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் மூவரும் குழுவோடு 1931இல் அங்கே போய்ப் பார்த்ததை 1933இல் வெளியிட்டார்கள்.

அங்கே அவர்கள் பார்த்தது கொந்தளிப்பு அல்ல. பார்த்தது சோர்வு. நூலகத்தில் புத்தகம் எடுப்பது இரண்டு ஆண்டில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்திருந்தது, படிக்க நேரம் முன்னைவிடப் பல மடங்கு இருந்தும். சங்கங்களுக்கு வருவது குறைந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள்: நின்று நின்று நடந்தார்கள், அவசரப்பட எதுவும் இல்லை. நாளின் ஒவ்வொரு மணியையும் எழுதித் தரச் சொன்னால் ஆண்களிடம் எழுத அதிகம் எதுவும் இல்லை. அதே தெருவில் பெண்கள் வேகமாக நடந்தார்கள். ஆலை மூடியதால் அவர்களுக்கும் சம்பளம் போயிருந்தது. சமையலும் துவையலும் பிள்ளைகளும் போகவில்லை. தொடக்கத்தில் சொன்ன மூன்று பொருள்களில் இரண்டை இங்கே தனித்தனியாகவே பார்க்கலாம்: சம்பளம் இருவருக்கும் போனது, காரியம் ஒருவருக்குத்தான் போனது.

இதிலிருந்து யஹோடா பின்னாளில் ஒரு பட்டியல் போட்டார். சம்பளத்தைத் தவிர வேலை ஐந்து பொருள்களைச் சத்தமில்லாமல் கொடுக்கிறது என்றார்: நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், தன்னைவிடப் பெரிய ஒன்றில் கலந்துகொண்ட உணர்வு, சமூகத்தில் ஓர் இடம், கட்டாயமாகக் கைகாலை அசைக்கவைக்கும் செயல். கசப்பான வேலைகூட இவற்றைக் கொடுத்துவிடும். பிடிக்காத வேலையை விட்டவர்கள் சில மாதத்தில் தவிப்பது இதனால்தான்.

அடிப்படை வருமானம் இந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கொடுக்காது. அது பசியைத் தீர்க்கும், அவமானத்தை ஓரளவு துடைக்கும். மாரியன்டால் மக்களுக்குப் பணம் கிடைத்திருந்தால் சோர்வில் பெரும்பகுதி வந்திருக்காது என்று வாதிடலாம். நானும் ஓரளவு ஒப்புக்கொள்வேன். முழுதாக ஒப்புக்கொள்ளத் தடையாக இருப்பது நேரக் கணக்கு.

12 மணி நேரம்

வாரத்துக்கு 168 மணி. தூக்கம் 56. மீதி 112. எட்டு மணி வேலை, ஒரு மணி சாப்பாட்டு இடைவேளை, போகவர ஒரு மணி என்று ஐந்து நாள் போனால் 50 மணி. 25 வயதிலிருந்து 60 வரை, ஆண்டுக்கு 48 வாரம் என்று பெருக்கினால் 84,000 மணி. வேலை தீர்ந்தால் இவ்வளவும் உங்கள் மடியில் விழும். சமையல், குளியல், வீட்டுக் காரியம் எல்லாவற்றுக்கும் ஒரு நாளைக்கு 4 மணி ஒதுக்கினாலும், விழித்திருக்கும் நேரத்தில் தினம் 12 மணி வெறுமையாக இருக்கும்.

12 மணி வரமா, பாரமா? அமெரிக்க நேரக் கணக்கெடுப்புகளை வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நாளின் ஓய்வு நேரம் 2 மணி வரை கூடக்கூட மனநிறைவு கூடியது, பிறகு சமமாக நின்றது, 5 மணிக்கு மேல் இறங்கத் தொடங்கியது. ஆனால் அந்த நேரத்தைப் பிறரோடு சேர்ந்தோ, ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு, செய்துகொண்டோ கழித்தவர்களுக்கு இறங்கவில்லை. சும்மா இருப்பது சுகம் என்கிறோமே, அது முதல் சில மணி நேரத்துக்குப் பொருந்தும்.

தானாக விட்டால் நேரம் எங்கே போகும் என்பதும் தெரியும். பொருளாதார மந்தத்தில் அமெரிக்கர்கள் இழந்த வேலை நேரத்தில் ஏறத்தாழ பாதி ஓய்வுக்குப் போனது, அதிலும் பெரும்பகுதி தூக்கமும் தொலைக்காட்சியும். சோம்பலை இதில் குறை சொல்லிப் பயன் இல்லை. நண்பர் நேரம் ஒதுக்கவேண்டும், மைதானத்துக்குப் போகவேண்டும், பாட்டு கற்க ஆசிரியர் வேண்டும். திரைக்கு ஒரு பொத்தான் போதும். முயற்சி குறைந்த பக்கம் நேரம் ஓடுகிறது.

வேலை குறைந்த வாழ்க்கைக்குப் போகிறவர்கள் (ஓய்வுபெறுபவர்கள் தினமும் போகிறார்கள், அவர்கள்தான் நமக்கு ஒத்திகை) இடறும் இடங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி. முதல் சில வாரம் விடுமுறை போல இருக்கும். பிறகு தூங்கும் நேரம் நழுவும்: இரவு அரை மணி தள்ளும், காலை ஒரு மணி தள்ளும், இரண்டு மாதத்தில் நண்பகல்தான் காலை. அதற்குப் பிறகு 'பெரிய திட்டம்' ஒன்று வரும், தினம் எட்டு மணி நேரம் ஓவியம் என்பது போல. அலுவலகத்தை வீட்டுக்குள் மறுபடி கட்டும் முயற்சி அது, ஒரு மாதம் தாங்காது. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பகல் முழுதும் இருந்து பழகியிருந்தால் சமையலறை யாருடையது என்ற எல்லைத் தகராறும் வரும். இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை.

எவ்வளவு 'வேலை' இருந்தால் போதும்? பிரிட்டனில் 70,000க்கு மேற்பட்டவர்களை 2009 முதல் 2018 வரை பின்தொடர்ந்த தரவை வைத்து 2019இல் ஒரு பதில் வந்தது. வேலையில்லாதவர்கள் வாரம் 8 மணி நேரம் வரையிலான சம்பள வேலைக்குப் போனதும் மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு சராசரியாக 30 சதவீதம் குறைந்தது. அதற்கு மேல் 20, 30, 40 மணி என்று கூட்டியதில் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. 40 மணி சம்பளத்துக்காக. மனதுக்கு வாரம் ஒரு நாள் போதும் போலிருக்கிறது. இருக்கும் வேலையை எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு நாளாகப் பங்கிடுவது, அடிப்படை வருமானத்தோடு சேர்த்துப் பேசவேண்டிய யோசனை. அதிகம் பேசப்படுவதில்லை.

சம்பளம் இல்லாமலும் அந்த 8 மணியை உருவாக்கலாம், ஆனால் கலவை சரியாக இருக்கவேண்டும். நாளும் நேரமும் நிலையாக இருக்கவேண்டும்: "முடிந்தபோது" என்பது வேலைக்கு ஆகாது. வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். குறைந்தது மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்வதாக இருக்கவேண்டும். எல்லாவற்றையும்விட, நீங்கள் வராவிட்டால் யாராவது சிரமப்படவேண்டும். பொழுதுபோக்கு வகுப்புகள் பலவும் தோற்பது இந்தக் கடைசி இடத்தில். வராவிட்டால் ஆசிரியர் கேட்கமாட்டார், மழை பெய்த முதல் நாளே நின்றுவிடும். பார்வையற்ற ஒருவருக்கு வாரம் இரண்டு முறை வாசித்துக் காட்ட ஒப்புக்கொண்டவர் மழையிலும் போவார், ஏனென்றால் அங்கே ஒருவர் காத்திருக்கிறார்.

தீராத காரியங்கள்

உலகில் ஒரு நாளில் சம்பளமின்றிச் செய்யப்படும் பராமரிப்பு வேலை, சமைப்பது, குழந்தை வளர்ப்பது, முதியோரைப் பார்ப்பது எல்லாம் சேர்த்து, 1,640 கோடி மணி நேரம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. 200 கோடிப் பேர் தினம் எட்டு மணி நேரம் உழைப்பதற்குச் சமம். அதில் முக்கால் பங்கு பெண்கள் செய்வது. வேலை இல்லாத எதிர்காலம் பற்றிய சித்திரங்களில் இந்த 1,640 கோடி பெரும்பாலும் காணாமல் போய்விடும். சித்திரம் வரைந்தவர்களுக்கு அது வேலையாகத் தெரியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இயந்திரம் அதையும் எடுத்துக்கொள்ளாதா? கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனால் துணி துவைக்கும் இயந்திரத்தின் வரலாற்றை நினைவில் வைக்கவேண்டும். அது ஒரு துவையலின் பாட்டைக் குறைத்தது. கூடவே எத்தனை முறை துவைக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பை ஏற்றியது. வாரம் ஒரு நாள் துவையல் இருந்த வீட்டில் தினம் துவையல் வந்தது. அதோடு, பராமரிப்பில் நேரம்தான் சரக்கு. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி உட்காருவதை ஐந்து நிமிடமாகச் சுருக்கினால் அது திறமை ஆகாது. எல்லோருக்கும் நேரம் கிடைக்கும் காலத்தில் இந்தச் சுமை ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிரியுமா என்று கேட்டால், மாரியன்டால் தெருவில் ஆண்கள் மெதுவாகவும் பெண்கள் வேகமாகவும் நடந்ததைத்தான் பதிலாகச் சொல்லவேண்டியிருக்கிறது. தானாகப் பிரியாது.

போட்டியும் தீராது. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்த பிறகும் முதல் பரிசு ஒன்றுதான் இருக்கும், மேடையில் நடு இடம் ஒன்றுதான் இருக்கும். சம்பளத்தால் அளக்கப்பட்ட தகுதி வேறு எதனாலோ அளக்கப்படும். "என்ன வேலை பார்க்கிறார்?" என்ற கேள்வி போய் இன்னொரு கேள்வி வரும்.

இடைக்காலம்

வேலை ஒரே இரவில் தீராது. முதலில் சிலருக்குத் தீரும், மற்றவர்கள் முன்னைவிட அதிகமாக உழைப்பார்கள். பிரிட்டனில் 1780க்கும் 1840க்கும் இடையே ஒரு தொழிலாளி செய்து குவித்தது 46 சதவீதம் கூடியது, உண்மைக் கூலி 12 சதவீதம்தான் கூடியது என்று வரலாற்றாளர் ராபர்ட் ஆலன் கணக்கிட்டார். அதாவது கைத்தறி நெசவாளியின் மகனும் பேரனும் பலனைப் பார்க்காமலே போனார்கள். நீண்ட காலத்தில் எல்லாம் சரியாகும் என்பது அவர்களுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. இயந்திரங்களை உடைத்தவர்களுக்கு 1812இல் தூக்குத் தண்டனைச் சட்டம் வந்தது.

பிற்பாடு கூலி உயர்ந்ததற்கு ஒரு காரணம், உழைப்பவர்கள் கையை மடக்கினால் ஆலை நிற்கும் என்ற நிலை. வேலைநிறுத்தம் ஆயுதமாக இருந்தது வேலை தேவைப்பட்டதால். யாருடைய உழைப்பும் தேவைப்படாத உலகில் நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது. குதிரைக்கு இல்லாத வாக்குரிமை மனிதனுக்கு இருக்கிறது என்பது உண்மை. அப்போது பங்கு முழுவதும் அந்த வாக்கையும், அதற்கு முன்பே எழுதி வைத்த சட்டத்தையும் நம்பியே நிற்கும்.

அது எவ்வளவு உறுதி என்பதற்கு அலாஸ்காவே உதாரணம். மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரே சூத்திரத்தின்படி மக்களுக்குப் பங்கு போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் விலை சரிந்து அரசுக்குப் பற்றாக்குறை வந்தபோது, 2016இல் ஆளுநர் பங்குக்கான ஒதுக்கீட்டில் ஏறக்குறைய பாதியை வெட்டினார். அந்த ஆண்டு ஒருவருக்குக் கிடைத்தது 1,022 டாலர். வழக்குத் தொடுத்தார்கள். பங்கும் மற்றச் செலவுகளைப் போல ஆண்டுதோறும் சட்டமன்றம் ஒதுக்கவேண்டிய பணம்தான், ஆளுநரின் வெட்டு செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்புச் சொன்னது.